எடை ஏற்ற மறுக்கும் மாஸ்டர்

வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கும் கூடத்துக்கு வழி கேட்டால் யாரும் விழிப்பதில்லை. டீக்கடையில் கேட்டேன். “எந்த ஜிம்முக்கு சார்?” என்று திருப்பிக் கேட்டார்கள். பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்டில், தொடைக் காயம் முழுதாக ஆறாமலே 317 கிலோவுக்கு இன்னொரு தங்கம். அவருடைய அப்பாவும் பளு தூக்கியவர்தான். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தொலைக்காட்சியில் பார்த்த அதிசயம் கிடையாது, பக்கத்துத் தெருச் சமாசாரம்.

நான் தேடிப் போனது பதக்கக் கதையை அல்ல. ஒரு பயிற்சியாளர் நுணுக்கத்தை எப்படிக் கற்றுத்தருகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆசை. நான் போன கூடம் சின்னது, தகரக் கூரை, பலகை அடித்த இரண்டு மேடைகள். பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். இங்கும் அவர் மாஸ்டராகவே இருக்கட்டும்.

விடிகாலையில் அவர் செய்யும் முதல் வேலை, பாரின் இரு முனைகளையும் கையால் சுழற்றிப் பார்ப்பது. ஆண்கள் தூக்கும் பார் 20 கிலோ, பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுடையது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். பிளேட் மாட்டும் முனைகள் தங்குதடையில்லாமல் சுழல வேண்டும். சுழலாவிட்டால் பாரைத் திருப்பித் தலைக்கு மேல் கொண்டுபோகும் நொடியில் பிளேட்டுகளின் திருகல் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துவிட்டுத்தான் பையன்களைக் கூப்பிட்டார்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் பாரே கிடையாது, தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் பிவிசி பைப்தான். அதைத் தலைக்கு மேல் அகலமாகப் பிடித்து, குதிகால் தரையை விடாமல் முழுதாகக் குந்தி எழ வேண்டும். பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்நாட்சை அவர் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கிச் சொல்லித்தருகிறார். முதலில் தலைக்கு மேல் வாங்கி உட்காருவது, பிறகு தொடையிலிருந்து இழுப்பது, அப்புறம் முழங்காலிலிருந்து, எல்லாம் படிந்த பிறகே தரையிலிருந்து. “உட்காரத் தெரியாதவன் இழுத்து என்னா பண்ணப்போறான்?” என்றார். பையன்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பக்கத்து மேடையில் சிவப்பு பிளேட் மாட்டி ஒருவன் தூக்கிக்கொண்டிருக்கும்போது பைப்பைப் பிடித்துக்கொண்டு குந்த எந்தப் பையனுக்குத்தான் பிடிக்கும்?

ஸ்நாட்சில் தரையிலிருந்து பார் கிளம்பி, ஆள் அதன் அடியில் புகுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குள்தான் எல்லாமே கெடுகிறது. முழங்கால்வரை பார் நிதானமாக வர வேண்டும், முதுகின் சாய்வு மாறக் கூடாது. அவசரக்காரனுக்கு இடுப்பு முதலில் எகிறிவிடும், பார் அங்கேயே கிடக்கும், மிச்ச வேலை இடுப்புக்கு மேலே முதுகின் தலையில் விழும். முழங்காலைத் தாண்டியதும் பார் தொடையை ஒட்டி ஏறி, இடுப்பு விரியும் வேகத்தில் மேலே பறக்க வேண்டும். அதற்கு முன்பே கையை மடக்கியவன் கெட்டான், காலின் வலு பாருக்குப் போய்ச் சேராது. இன்னொரு பிழை: பாரைத் தலை உயரத்துக்கு இழுத்துவிடலாம் என்று நினைப்பது. தேர்ந்தவர்கள் அவ்வளவு உயரம் இழுப்பதே இல்லை, பாருக்கு அடியில் அவர்கள் வேகமாக இறங்கிவிடுகிறார்கள்.

மாஸ்டர் நேர் பக்கவாட்டில் நிற்பதில்லை. அங்கே நின்றால் பிளேட் முழங்காலை மறைத்துவிடும். சற்று முன்னால் கோணமாக நின்று, முதலில் பாதத்தைப் பார்க்கிறார். பார் உடம்பை விட்டு விலகினால் முன்பாதம் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு வியப்பாக இருந்தது அவர் பேசும் அளவு. ஒருவன் தூக்கி முடித்ததும் நான்கைந்து பிழைகள் என் கண்ணுக்கே தெரிந்தன. அவர் ஒன்றே ஒன்றைச் சொன்னார்: “பார் சட்டையைத் தேய்ச்சிக்கினு வரணும்.” அடுத்த முறை தேய்த்துக்கொண்டு வந்தது, கூடவே வேறு இரண்டு பிழைகளும் தாமாகப் போயிருந்தன. தோளை இப்படி வை, முழங்கையை அப்படித் திருப்பு என்று உறுப்பு உறுப்பாக அவர் பிரித்துச் சொல்வதில்லை, பாரைப் பற்றியே பேசுகிறார். உடம்பின் மேல் கவனம் வைப்பதைவிட அசைவின் விளைவின் மேல் கவனம் வைத்தால் நன்றாகப் படிகிறது என்று ஆய்வாளர் காப்ரியேல் வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 1998இல் தொடங்கிப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் அதைப் படித்தவரல்ல. நிறையப் பேசிப் பார்த்து, ஒன்றும் ஏறாததால் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

அன்று காலை முழுக்க நடந்த சண்டை கிலோவைப் பற்றியது. மீசை அரும்பிய ஒருவன் 70 போடலாமா மாஸ்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 60இல் அவன் தூக்கியதைப் பார்த்துவிட்டு, “பத்தைக் கழட்டு” என்றார். அவன் முகம் தொங்கிவிட்டது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும். சான்றிதழில் ஏறுவது கிலோ, எப்படித் தூக்கினான் என்பதல்ல. பெற்றோர் போனில் கேட்பதும் “எத்தனை கிலோ வந்துட்டான்?” என்றுதான். ஆனால் போட்டி மேடையில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கை மடங்கிய நிலையில் வாங்கி, பிறகு அழுத்தி நிமிர்த்தினால் சிவப்பு விளக்கு. தூக்கியது எத்தனை கிலோவானாலும் அது கணக்கில் வராது. ஸ்நாட்சில் மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று, அவ்வளவே. நுணுக்கம் பார்ப்பது அழகுக்காக என்று நினைக்கிறவர்கள் ஒரு மாவட்டப் போட்டியை உட்கார்ந்து பார்த்தால் போதும்.

மாலையில் வருகிற கூட்டமே வேறு. அரிசிக் கடைக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், பல வருட முதுகுவலி. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வந்திருக்கிறார். அவர் முதுகில் ஒரு கம்பை நெட்டாக வைத்தார் மாஸ்டர். பின்தலை, மேல்முதுகு, வாலெலும்பு என்று மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியபடியே குனிய வேண்டும். அவருக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓர் இடம் விலகியது. “அண்ணா, ரெண்டு கையிலயும் தண்ணிக் குடம். பின்னாடி கதவு திறந்துகிடக்கு. எப்படிச் சாத்துவீங்க?” பின்புறத்தால் கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளினார். கம்பு மூன்று இடத்திலும் ஒட்டி நின்றது. அப்புறமும் தரையிலிருந்து தூக்க விடவில்லை, இருபுறமும் கட்டை அடுக்கி முழங்கால் உயரத்தில் பாரை வைத்தார். பையன்களிடம் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கச் சொல்கிறவர், இவரிடம் எழும்போது மூச்சை விடச் சொன்னார். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். காலைப் பிள்ளைகளில் பலர் மாதப் பணம் தருவதில்லை. இந்த மாலைக் கூட்டம் கொடுப்பதில்தான் ரப்பர் பிளேட்டும் மின்சார பில்லும் ஓடுகின்றன.

பெண் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். 2000 சிட்னியில் பளுதூக்கும் பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் கதவு திறந்தபோது கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோவுக்கு வெண்கலம் வாங்கியது இவர்கள் பிறக்குமுன் நடந்த கதை. இவர்களுக்கு மீராபாய் சானுதான். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் அவர் 202 கிலோ தூக்கிய வீடியோவை மெதுவாக ஓட்டி ஓட்டி, ஒருத்தி அப்படியே கால் வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். மீராபாய் ஐந்தடி உயரத்தை ஒட்டியவர். இவள் நெட்டைப் பெண், தொடை நீளம். அதே அகலத்தில் கால் வைத்துக் குந்தியதும் உடம்பு முன்னால் சாய்ந்தது, பாரும் கூடவே போனது.

மாஸ்டர் போனை வாங்கிப் பார்த்தார். “நல்லாத்தான்மா தூக்குது. ஆனா அது அதோட கால். உன்னோடதைக் கொண்டா.” பாதத்தை இன்னும் அகட்டி, விரல்களை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். கட்டைக் குதிகால் வைத்த ஷூவை வேறொருத்தியிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கூடத்தில் அந்த அளவுக்கு இருப்பது ஒரே ஜோடி, முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தாள், பார் தலைக்கு நேர் மேலே நின்றது.

“மாஸ்டர், இப்போ அஞ்சு கிலோ ஏத்தலாமா?”

“இதே எடையில அஞ்சு தடவை இதே மாதிரி காட்டு. அப்புறம் ரெண்டு ஏத்தலாம்.”