பெர்ச்சுமா

எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் ஜன்னலோரமாக ஒரு மேசை உண்டு. விடுமுறை முடிந்து வருகிறவர்கள் அங்கேதான் கைப்பேசியை நீட்டிப் படம் காட்டுவார்கள். 2024 தொடக்கத்தில் அந்த மேசையில் ஐஸ்லாந்து ஓடிக்கொண்டிருந்தது. மூத்த பொறியாளர் ஒருவர் குடும்பத்தோடு போய்வந்திருந்தார். கறுப்புப் பாறை, பாறையின் இடுக்கிலிருந்து எழும் ஆவி, ஆவிக்கு முன்னால் வரிசையாகக் குளிர்ச்சட்டைகள். "ஆளுக்குப் பதினஞ்சாயிரம் வெள்ளிதான் ஆச்சு" என்றார். அந்த 'தான்' என்னை என்னவோ செய்துவிட்டது.

"அண்ணே, நான் 500 வெள்ளிக்குள்ள எரிமலை பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். மேசையே சிரித்தது.

வாயை விட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். நிபோங் திபாலில் படித்து முடித்த பட்டத்துக்கு இன்னும் மாதாமாதம் படிப்புக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேர வேலை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அப்பா, அம்மாவோடு ஜாகை. சம்பளம் மோசமில்லை. ஆனால் வந்த வேகத்திலேயே போய்விடும். எரிமலை ஆசை மட்டும் பழையது, இடைநிலைப்பள்ளிப் புவியியல் புத்தகத்தில் குறுக்குவெட்டுப் படம் வரைந்த நாளிலிருந்து இருக்கிறது. எங்கள் தீவில் அதற்கு வழியில்லை. பினாங்கு மலை வெறும் கருங்கல். வெளியே வராமல் பூமிக்கடியிலேயே ஆறி இறுகிப்போன குழம்பு அது. எங்கள் ஊர்க் குணத்துக்குப் பொருத்தம்தான்.

எரிமலை இருப்பது எதிர்க்கரையில், சுமத்ராவில். பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை. மேடான் நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், கடிகாரத்தின்படி பார்த்தால் கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய் இறங்கிவிடுகிறோம். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஒரு காலத்தில் பெலாவான் துறைமுகத்துக்குப் பெர்ரியே ஓடியது. மலிவு டிக்கெட் வரும்வரை காத்திருந்தேன். போக வர 214 வெள்ளி, கைப்பை 7 கிலோ மட்டும். கூட்டாளி ஒருவனையும் இழுத்துக்கொண்டேன். அவனுக்கு எரிமலையில் அக்கறை இல்லை, விடுப்பு மீதம் இருந்தது. எக்ஸெலில் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே நிரப்பினேன். வேலையில் சோதனைச் செலவைக் குறைப்பதுதான் என் தொழில். அதையே இங்கேயும் செய்தேன்.

மேடானில் முதல் இரவு கம்போங் மெட்ராஸில். பழைய பெயர் கம்போங் கெலிங். 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. அறை மலிவு, நடக்கும் தூரத்தில் சோறு, அவ்வளவுதான் என் காரணம். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி எங்கள் பேச்சைக் கேட்டு, "பெனாங்கா?" என்றார். அதற்கு மேல் பாதி தமிழ், பாதி இந்தோனேசிய மொழி. அவருடைய பேத்திக்குத் தமிழ் சுத்தமாக வரவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களுக்கு மாட்டுவண்டி ஓட்டவும் சாலை போடவும் பினாங்கு வழியாகத்தான் தமிழர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். டெலி கம்பெனி தொடங்கியது 1869இல். ஒப்பந்தத்தை மீறும் கூலியைச் சிறையில் தள்ளலாம் என்ற சட்டம் 1880இல் வந்தது. சுருட்டுக்கு மேலிலையாக ஐரோப்பாவில் பேர்பெற்ற அந்தப் புகையிலைக்கு ருசி கொடுத்தது இந்த மண். மண்ணுக்கு வளம் கொடுத்தது மேலே இருக்கும் எரிமலைகளின் சாம்பல். இதையெல்லாம் நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன். கூட்டாளியிடம் சொன்னபோது, "அப்ப நம்ம ஆளுங்கதான் மொத பட்ஜெட் டிராவலர்ஸ்" என்றான். சிரித்தேன். பிறகு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

மறுநாள் பாடாங் பூலானிலிருந்து பெராஸ்தாகிக்குச் சிற்றுந்து. கூரையில் மூட்டை, உள்ளே புகை, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு. எழுபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. பாதி வழியில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சோளக் கடைகள் வரிசையாக இருக்கும். அவித்த சோளத்தை அங்கே இறங்கித் தின்னாமல் போனால் அந்தப் பயணத்தில் பாதி போச்சு. பெராஸ்தாகி ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். இறங்கியதுமே காற்றில் குளிரும் மண் வாசமும். கேரட், முட்டைக்கோசு, ஆரஞ்சு, மார்கிசா பழம். சந்தையைச் சுற்றி வரக் காசு கேட்பதில்லை. நாங்கள் மூன்று முறை சுற்றினோம். எந்தத் தெருமுனையில் நின்றாலும் ஒரு பக்கம் சிபாயாக், இன்னொரு பக்கம் சினாபுங். உலகின் பெரிய எரிமலைகளில் இரண்டும் சேர்த்தியில்லை. தெற்கே அரைநாள் தூரத்தில் இருக்கும் தோபா ஏரிதான் பெரியப்பா. 74,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வெடித்த சாம்பல் எங்கள் பேராக் லெங்கோங் வரைக்கும் வந்து விழுந்திருக்கிறது. அதற்குப் போக இன்னும் இரண்டு நாள் வேண்டும், அட்டவணையில் வரி இல்லை.

தங்குவிடுதியில்தான் அந்தச் சொல்லில் இடறி விழுந்தேன். நம் மலாயில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம். பேரங்காடியிலிருந்து பெட்ரோல் நிலையம் வரை எல்லா இடத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். விடுதி நடத்தும் அம்மாவிடம், "இபு, ஆயர் பானாஸ் பெர்ச்சுமா?" என்று கேட்டேன். சுடுதண்ணி இலவசமா என்று. அவர் முகம் மாறிவிட்டது. "பெர்ச்சுமாவா? யார் சொன்னது? நல்லாவே சுடும்!" என்று குழாயைத் திறந்தே காட்டினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தோனேசியாவில் பெர்ச்சுமா என்றால் வீண், பயனற்றது என்று அவர்தான் விளக்கினார். இலவசத்துக்கு 'கிராத்திஸ்' என்று சொல்ல வேண்டுமாம்.

சிரித்தவர் மலை வழிகாட்டி. நாற்பது வயது இருக்கும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, சிபாயாக் உச்சியில் சூரியோதயம், இறங்கி வெந்நீர்க் குளம், இரண்டு பேருக்கும் சேர்த்து 300,000 ரூப்பியா என்றார். அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய 3,300 ரூப்பியா. என் அட்டவணையில் 200,000 என்று போட்டிருந்தேன். யாரோ ஒருவர் பயணக்குறிப்பில் அப்படி எழுதியிருந்தார். கைப்பேசியில் அதை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். 'பாதி விலையிலிருந்து தொடங்கு, கிளம்பிப் போவதுபோல நடி' என்று காணொளிகளில் சொல்லித்தருவார்களே, அதையும் செய்தேன். கூட்டாளி முழங்கையால் இடித்தான். "விடுடா, முப்பது வெள்ளிதானே" என்றான். ஜோர்ஜ்டவுனில் இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிட்டால் வருகிற காசு. நான் விடவில்லை. அவர் கைப்பேசியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போலே லா, பாங்" என்றார். சரி, அண்ணே. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். சோதனை வரிசையில் இரண்டு நொடி மிச்சம் பிடித்தால் வருமே, அதே சந்தோஷம்.

சிபாயாக் ஏறக்குறைய 2,200 மீட்டர். ஜாராங் ஊடா பக்கம் பழைய தார்ச்சாலை பாதிக்கு மேல் போகிறது என்பதால் ஏறுவது பெரிய வீரமில்லை. குளிர்தான். இரவல் குளிர்ச்சட்டைக்குள் ஐஸ்லாந்து அண்ணனை நினைத்துக்கொண்டேன். இருட்டில் பேச்சு நன்றாக வந்தது. காரோ மக்களுக்குக் குலப்பெயர் முக்கியம். அவர் செம்பிரிங், அதில் பாண்டியா கிளை. "பாண்டியாவா?" என்று நின்றுவிட்டேன். சோலியா, மெலியாலா, கெலிங் என்றும் கிளைகள் உண்டு என்றார். கெலிங் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் முகம் சுருங்கியது. எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் அது அடிதடிக்கான சொல். அவருக்கோ அது ஒரு பெரியப்பா வீட்டுப் பெயர். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது என்று நான் சொன்னேன். "அப்போ சொந்தக்காரன்கிட்டயா விலை குறைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருட்டு நல்லதாய்ப் போயிற்று.

உச்சிக்கு முன்பே காது கேட்டுவிடுகிறது. பிரஷர் குக்கர் ஆயிரம் சேர்ந்து ஒரே சமயத்தில் ஆவி விடுவதுபோல ஓர் இரைச்சல். பிறகு மூக்கு, அழுகிய முட்டை. கடைசியில்தான் கண். மஞ்சள் படிந்த பாறைத் துவாரங்களிலிருந்து வெள்ளை ஆவி பீறிட்டு அடிக்கிறது. கை வைத்துப் பார்த்த இடத்தில் கல் சூடாக இருந்தது. 1881க்குப் பிறகு இந்த மலை வெடிக்கவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. பதின்மூன்று வயதில் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தின் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். கண் கலங்கியது கந்தகத்தால் மட்டும் என்று கூட்டாளியிடம் சொன்னேன். எரிமலையில் அக்கறை இல்லாத அவன்தான் என்னைவிட அதிகமாகப் படம் எடுத்தான்.

வெளிச்சம் வந்தபோது எதிரே சினாபுங் முழுசாகத் தெரிந்தது. 2,460 மீட்டர். ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் சாம்பல் நிறத்தில் வழித்துவிட்டதுபோல. அவர் அந்தச் சாம்பல் பக்கத்தின் அடிவாரத்தைக் கையால் காட்டி, "என் கம்பம் அங்கே" என்றார். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. "வீடு கட்டினேன். 2012இல் தரைக்கு ஓடு போட்டேன். ஆரஞ்சு அப்போதான் காய்க்க ஆரம்பிச்சது. பெர்ச்சுமா, பாங்."

என் காதில் அது முதலில் 'இலவசம்' என்றே விழுந்தது. ஒரு நொடிதான். பிறகு அர்த்தம் மாறியது.

சினாபுங் நானூறு ஆண்டுகள் சும்மா இருந்த மலை. 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013 செப்டம்பரில் மறுபடியும் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் விடவில்லை. 2014 பிப்ரவரி 1ஆம் தேதி எரிவாயுவும் சாம்பலும் கலந்த மேகம் சரிவில் உருண்டு வந்து சுக்கா மெரியா கிராமத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எரிமலையைப் பார்க்கப் போயிருந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். 2016இல் இன்னும் ஏழு பேர். சுக்கா மெரியா, பெக்கேரா, சிமாச்செம் மூன்று கிராமங்களையும் சியோசார் என்ற இடத்துக்கு மொத்தமாக மாற்றினார்கள். அங்கே அவருக்கும் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். நிலமும் உண்டு. ஆனால் ஆரஞ்சு நட்டால் காய்க்க வருஷம் ஆகும், அதுவரை பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், அதனால் மலை ஏறுகிறார். "அந்த மண் மாதிரி வராது" என்றார், இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. மண்ணைக் கொடுத்ததும் அதே மலைதான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாததா.

எனக்கு அப்போது என்னைப் பற்றி ஒரு சங்கடம் வந்தது. கேன்டீன் மேசையில் நான் ஏழை. அது பொய்யில்லை, கடன், வாடகை, அப்பாவின் மருந்து எல்லாம் நிஜம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கடலைத் தாண்டியதும் நான்தான் காசு உள்ளவன். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே ஏழையின் பேரத்தைப் பணக்காரனின் இடத்திலிருந்து பேசியிருக்கிறேன். விமான டிக்கெட்டில் ஒரு காசு குறைக்க முடியவில்லை, விமான நிலையக் கட்டணத்தில் முடியவில்லை. குறைக்க முடிந்த ஒரே வரி, எதிரே ஆள் நின்ற வரி.

இறங்கும் வழியில் செமாங்காட் கூனோங். பூமிச்சூட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தின் குழாய்கள் கத்தரித் தோட்டங்களுக்கு நடுவே போகின்றன. வேறு நாளாக இருந்தால் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்பேன். வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்தோம். நுழைவுக்கட்டணம் சொற்பம். ஐந்து நட்சத்திர விடுதி தரும் சுகம் அதில் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், போங்கள். கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு, "நான் பாதி போடுறேன்" என்றான். என்ன என்று நான் கேட்கவில்லை.

விடுதி வாசலில் 300,000 கொடுத்தேன். அவர் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். மறுப்பார் என்று மனதுக்குள் ஒரு காட்சி ஓட்டி வைத்திருந்தேன். அப்படியொன்றும் நடக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போக எழுந்தவர் திரும்பி வந்து, "பாங், ஒரு உதவி. ஊர்ல போய் எழுதுறதா இருந்தா 300ன்னு எழுதுங்க. 200ன்னு எவனோ எழுதிட்டுப் போயிட்டான். எல்லாரும் அதையே கொண்டுவந்து காட்டுறாங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். "மெஜுவா ஜுவா" என்று காரோ மொழியில் வாழ்த்திவிட்டு மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை கேன்டீனில் படம் காட்டினேன். மார்கிசா பழம் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன், மிச்சம் அம்மாவுக்கு. ஐஸ்லாந்து அண்ணன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அட்டவணையை அனுப்புடா, நாங்களும் போறோம்" என்றார். இரவு எடுத்துப் பார்த்தேன். டிக்கெட் 214, அறை 102, சாப்பாடு 87, பேருந்து 36, நுழைவு 9, பழம் 14, வழிகாட்டி என் பங்கு 30. மொத்தம் 492 என்று அது இன்னும் பழைய கணக்கிலேயே நின்றிருந்தது. கூடக் கொடுத்ததை 'அன்பளிப்பு' என்று தனி வரியாகப் போடலாமா என்று யோசித்தேன். அப்போதும் வழிகாட்டிக்கு எதிரே 200,000தான் இருக்கும். அந்தக் கட்டத்தை அழித்து 300,000 என்று அடித்தேன். என் பங்கு 45 ஆனது. மொத்தம் 507.

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது. "500க்குள்ளன்னு சொன்னியே?"