கன்னி மூலையில் கட்டில்

முதியோருக்கெனத் தனிக் குடியிருப்புகள் எழுவது காலத்தின் தேவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே தமிழக மக்களில் நூற்றுக்குப் பத்துப்பேர் அறுபது வயதைத் தொட்டவர்கள். பிள்ளைகள் பிழைப்புத் தேடிக் கடல் கடக்கின்றனர்; பெற்றோர், வியர்வை சிந்திச் சேர்த்த பொருளைக் கொடுத்து, கோவையைச் சுற்றிலும் எழும்பியுள்ள குடியிருப்புகளிலே வீடு வாங்குகின்றனர். இதிலே குறைகூற ஏதுமில்லை. ஆனால் தோழர்களே, அந்த வீட்டை வரைந்தவர் யார்? பொறியாளர் என்பீர். பலகையில் இருப்பது அவர் பெயர்தான். பென்சிலைப் பிடித்த கை, மனையடி சாஸ்திரியின் கை!

குடும்பத் தலைவரின் படுக்கை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், அமைய வேண்டுமாம். வாயிலும் சன்னலும் வடக்கிலும் கிழக்கிலும் மிகுதியாக இருக்க வேண்டுமாம். தெற்கும் மேற்கும் மூடிக் கிடக்க வேண்டுமாம். கதிரவனைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வான். பிற்பகல் முழுதும் அவன் சுடுவது மேற்குச் சுவரை. பகலில் குடித்த வெப்பத்தை அந்தச் சுவர் இரவிலே கக்கும், கட்டிலில் கிடக்கும் கிழவர்மீது. ஆனி, ஆடி மாதங்களில் கோவைக்குக் காற்று வருவதோ பாலக்காட்டுக் கணவாய் வழியே, மேற்கிலிருந்து! வெயில் வரும் திசையிலே படுக்கை; காற்று வரும் திசையிலே அடைத்த சுவர். பகைவன்கூட இப்படி ஒரு வீடு கட்டித் தரமாட்டான்.

வெப்பம் கொல்லுமா என்று ஐயுறுவோர் 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பிரான்சை எண்ணிப் பார்க்கட்டும். ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் முதியோர். கூரைக்கு நேர்கீழே உறங்கியோர்க்கு ஆபத்து மிகுந்திருந்ததை ஆய்வாளர் பின்னர் கண்டனர். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்கும், வியர்வை குறையும். உடல் தன்னைத் தானே குளிர்விக்கும் ஆற்றலை இழக்கும். கோவையிலோ ஏப்ரலில் ஒருமுறையும் ஆகஸ்டில் ஒருமுறையும் கதிரவன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். கூரைக்கு வெள்ளையடிப்பது அழகுக்கு அன்று, உயிருக்கு.

வழி இல்லாமலில்லை. பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007இல் மறைந்த லாரி பேக்கர் காட்டிய எலிப்பொறிக் கட்டு ஒன்று போதும் சான்றுக்கு. செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்குவது. நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கும். பேக்கர் கடவுள் நம்பிக்கை உடையவர்தான். ஆயினும் சுவர் எழுப்புகையில் அவர் கேட்டது காற்றையும் மழையையும்.

நமக்குப் பாடம் புகட்டிய ஆசிரியர் ஒருவர், மனைவியை இழந்தவர், அத்தகைய குடியிருப்பு ஒன்றைக் காணச் சித்திரைப் பிற்பகலொன்றில் நம்மையும் அழைத்துச் சென்றார். விளம்பரத் தாளில் கோயில் உண்டு, கோசாலை உண்டு, 'ஆசாரமான அண்டை அயலார்' உண்டு. அந்தக் கடைசிச் சொல்லின் பொருளை இவ்விதழின் வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை. வாசலிலே மூன்று படிகள். ஏன் மூன்று? ஒற்றைப்படை! ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும். அதற்கான இடத்திலே துளசிமாடம் நின்றது. குளியலறைக் கதவு உட்புறமாகத் திறந்தது. உள்ளே வழுக்கி விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால், வெளியிலிருந்து திறப்பது எப்படி?

"நூற்றுக்கு நூறு வாஸ்து, ஐயா!" என்று அறையைக் காட்டினார் விற்பனையாளர்.

ஆசிரியர் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நம் கையையும் இழுத்து வைத்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றிபோலிருந்தது.

"இங்கே ஒரு சன்னல் வைத்து, வெளியே தாழ்வாரம் இறக்கித் தர முடியுமா, தம்பி?"

"சாஸ்திரம் ஒப்பாதுங்களே. குளிர்சாதனம் போட்டுக்கொள்ளலாம்."

"மின்கட்டணம் சாஸ்திரம் கட்டுமா? மின்சாரம் நின்றுபோனால்?"

விற்பனையாளர் சிரித்து மழுப்பினார். சன்னலையும் கதவையும் குறித்து ஆசிரியர் அன்றிரவே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி இன்னும் வரவில்லை. நல்ல நாள் குறித்திருப்பதாகவும், அன்று முன்பணம் கட்டினால் சிறப்பென்றும் சொல்ல இருமுறை ஆள் வந்து போயிற்று.