யாருக்குக் கல் நடுவது?

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆநிரை மீட்கப் போய் மாண்டவன், புலியோடு போராடி மாண்டவன், ஊரைக் காத்து மாண்டவன். பெண்கள் எங்கே என்று தேடினேன். இருந்தார்கள். வாளேந்திய கணவனுக்குப் பக்கத்தில், கொண்டை ஒரு புறம் சாய்ந்திருக்க, வலக்கையை மடக்கி உயர்த்தியபடி ஒருத்தி நின்றாள். முகம் மழுங்கிப் போயிருந்தது. கையில் இருந்த வளையல்களை மட்டும் விரலால் தடவி எண்ணிவிடலாம். சதிக்கல் அது. கர்நாடக எல்லைப் பக்கம் மாஸ்திக்கல் என்பார்கள். கணவனின் சிதையில் இறங்கியவள் சுமங்கலியாகவே போனாள் என்று ஊருக்குச் சொல்லத்தான் அந்த வளையல்கள்.

கல் நடுவதில் இந்த மண்ணுக்கு ஈடில்லை. வேடியப்பன் என்ற பெயரில் பல நடுகற்களுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமானின் நடுகல்லைப் பார்த்துக் கலங்கிப் பாடியவள் ஔவை. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது அவளுக்கு மெரினாவில் சிலை வைத்தோம்; கண்ணகிக்கும் வைத்தோம். ஔவைக்குச் சிலை அவள் பாட்டுக்காக. ஆனால் பெரும்பாலும் ஒரு பெண் கல்லாக நிற்க வேண்டுமென்றால் கணவனை இழந்திருக்க வேண்டும், அவனோடு செத்திருந்தால் இன்னும் நல்லது என்றுதான் நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். அந்தச் சதிக்கல் முன் நிற்கையில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாறோ பதினேழோ வயதிருந்திருக்கலாம் அவளுக்கு.

ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். மாந்தோப்புகள் பின்னால் போய், சூளகிரி நெருங்கியதும் கொத்தமல்லித் தழை வாசம் ஜன்னல் வழியே வந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு எங்கெங்கோ போய் மகளிர் குழுவில் வந்து நின்றது. அவர் பழைய ஊக்குநர்.

“மொத மொதல்ல சேர்ந்தவங்க நாங்கதான் சார். வாரத்துக்கு அஞ்சு ரூபா. அதக் குடுக்கவே சில பொம்பளைங்க கையில இருக்காது. பக்கத்து வீட்ல வாங்கியாந்து கட்டுவாங்க.”

“வீட்ல ஒண்ணும் சொல்லலையாம்மா?”

“சொல்லாமயா? பேங்க்ல உனக்கென்ன வேலன்னு அடிச்சவனும் இருக்கான். அப்புறம் அவனே, குழுவுல ஒரு லோன் போட்டுக் குடுன்னு வந்து நின்னான்.”

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகப் பிறந்ததே இங்குதான். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. 2004இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தது. 1997இல் மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்கப் பரவியது. பெண் சிசுக்கொலைக்காகப் பத்திரிகைகளில் இந்த மாவட்டத்தின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த காலமும் அதுவேதான். நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் வாங்கிய வீடுகளில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு உள்கடன் கிடைத்தது எவ்வளவு பெரிய விடுதலை என்பது கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்று கத்தியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கைநாட்டு வைத்தவர்கள் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடவே எழுதப் பழகினார்கள்.

ஓசூர் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. ஜன்னலெல்லாம் பெண்கள், பாதிப் பேர் தூக்கத்தில். அசோக் லேலண்டும் டைட்டனும் வந்தபோது சிற்றூராக இருந்த இடம் 2019இல் மாநகராட்சியாகிவிட்டது. டைட்டன் கடிகாரத்துக்கு ஸ்ட்ராப் கோக்கும் வேலையை இங்குள்ள குழுப் பெண்களே எடுத்துச் செய்தார்கள். இன்று டாடா எலெக்ட்ரானிக்ஸில் ஐபோனுக்குப் பாகம் செய்ய ஜார்க்கண்டிலிருந்து பழங்குடிப் பெண்கள் வந்து விடுதியில் தங்கி உழைக்கிறார்கள். 1959 முதல் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையில் நான்கு பேர். நால்வரும் ஆண்கள். அதன் முன்னால் ஓசூர்ப் பெண் ஒருத்தி போய் நின்றால் தன்னை எங்கே தேடுவாள்?

பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் இந்த எல்லையில் இன்னொரு கல் நட வேண்டும் என்றால், என் மனத்தில் முதலில் வருகிறவர்கள் 1989இல் ஐந்து ரூபாயோடு வந்து வட்டமாக உட்கார்ந்த பெண்கள்தான். ஆலைப் பெண்களுக்கும் ஒருநாள் கல் வர வேண்டும். ஆனால் மகளை வேலைக்கு அனுப்பத் துணிந்த பல தாய்மார் அதற்கு முன்பே தாங்கள் வங்கிப் படியேறிப் பழகியவர்கள் என்று நான் நம்புகிறேன். அதனால் வரிசையில் அவர்கள்தான் முன்னால்.

அவர்களுக்கு உருவச்சிலை வேண்டாம். கலப்பையும் குடமும் ஏந்திய பொதுவான ஒரு தமிழ்த்தாய் உருவத்தைச் செய்து வைத்தால் மறுபடி முகம் மழுங்கிய கதைதான். பெயர் வேண்டும். ஊர் ஊராக, குழுக் குழுவாக, கல்லில் வெட்டிய பெயர். சூளகிரியோ கெலமங்கலமோ, சந்தைக்கு வருகிறவர்கள் நின்று தங்கள் பாட்டியின் பெயரைத் தேடிப் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும்.

அதற்கு அந்தத் தீர்மான நோட்டுகள் வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் முதல் தீர்மான நோட்டு எங்கே என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியில் இருந்தது, கரையான் அரித்ததில் பாதியைத் தூக்கிப் போட்டாயிற்று என்றார். அன்று முப்பது வயதிருந்தவர்களுக்கு இன்று அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மிச்சப் பாதியைக் கேட்டு வாங்க மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே ஆள் அனுப்ப வேண்டும்.