நூறு கிலோவில் நூறு கிராம்

விடிய ஐந்து மணி. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுக வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, பின் இருக்கையிலிருந்து இரும்புப் படிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார் நானா. ஒரு படி 20 கிலோ. மொத்தம் ஐந்து. போதாததற்கு ஒரு 10 கிலோ படியும், சின்னப் படிகள் அடுக்கிய மரப்பெட்டி ஒன்றும். தூக்கிக் கொடுக்கலாம் என்று கை நீட்டினேன்.

"துணியால புடிங்க தம்பி," என்று பழைய சாரத் துண்டொன்றை என் பக்கம் எறிந்தார்.

படியின் தலையில் ஒரு சின்னக் குழி. அதை ஈயத்தால் அடைத்து, ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருந்தார்கள். வார்த்தெடுத்த இரும்பு ஒருபோதும் சொல்லிவைத்தாற்போல் 20 கிலோவாக வராது. கொஞ்சம் குறைவாக வார்த்து, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டுச் சரிக்கட்டி வாயை அடைத்துவிடுவார்கள். இந்த வகைப் படி 20 கிலோவுக்கு ஒரு கிராம் கூடலாம், ஒரு கிராம் குறையலாம். அதற்கு மேல் போனால் அது படி இல்லை, வெறும் இரும்புக்கட்டி.

நானா ஓட்டமாவடிக்காரர். தராசு திருத்துவதற்கு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர். தட்டுத் தராசும் கொக்கித் தராசும் இருந்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்து, இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் தராசுகளோடு மல்லுக்கட்டுகிறார். அவரோடு ஒரு நாள் சுற்ற வேண்டும் என்று எனக்குப் பல காலமாக ஆசை. அதற்குக் காரணம் அப்பா. வாகனேரிப் பக்கம் வயல் செய்தவர். ஒரு போகத்து நெல்லை வீட்டிலே நிறுத்துப் பார்த்துவிட்டு வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோனார். மூடைக்கு ஒன்றரைக் கிலோ குறைந்தது. "தராசு அப்பிடித்தான் காட்டுது," என்றார் அந்த வியாபாரி. அப்பா ஒன்றும் பேசாமல் காசை வாங்கிக்கொண்டு வந்தார். எது சரியான தராசு என்று அவருக்கும் தெரியாது. வியாபாரிக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு தராசு இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவதாக ஒன்று வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவதைத்தான் நானா ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திரிகிறார்.

அன்றைய முதல் வேலை, மீன் முதலாளி ஒருவரின் 150 கிலோ மேடைத் தராசு. பலநாள் படகுகள் வந்து கட்டியிருந்தன. சூரையும் பாரையும் ஐஸ் பெட்டிகளில் இறங்கிக்கொண்டிருந்தன. தராசு சும்மா கிடைக்கும் நேரம் அரைமணி மட்டுந்தான். நானா அவசரப்படவில்லை. முதலில் தராசை இழுத்துச் சமதரையில் வைத்தார். மூலையிலிருக்கும் நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை கால்களைத் திருகினார். பிறகு மின்னைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பத்து நிமிடம். அது சூடேற வேண்டுமாம்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் உள்ளே இருப்பதைக் காட்டினார். மேடையைத் தூக்கினால் நடுவில் சதுரமான அலுமினியக் கட்டை ஒன்று. 'லோட் செல்' என்பது இதுதான். பாரம் ஏறும்போது இந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள்கள் அதோடு சேர்ந்து நீள்கின்றன, சுருங்குகின்றன. நீளும் கம்பியில் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். 1938 இல் அமெரிக்காவில் இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த உத்தி இது. தராசு உண்மையில் எடையை அளப்பதில்லை. இந்த வளைவை மின்னழுத்தமாக்கி, அந்த மின்னழுத்தத்தை இலக்கமாக்கிக் காட்டுகிறது.

அது எவ்வளவு சிறிய மின்னழுத்தம் என்று கணக்குப் போட்டபோது எனக்கு மலைப்பாக இருந்தது. வழக்கமான லோட் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரமும் ஏறிய நிலையில் அது திருப்பித் தருவது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். 150 கிலோவை 50 கிராம் இடைவெளிகளாகக் காட்டும் தராசு அந்த 10 மில்லிவோல்ட்டை 3000 பங்காக்குகிறது. ஒரு பங்கு சுமார் 3 மைக்ரோவோல்ட். ரிமோட்டுக்குப் போடும் சின்னப் பற்றரியின் அழுத்தத்தில் நாலரை இலட்சத்தில் ஒரு பங்கு! உப்புக்காற்றும் மீன் இரத்தமும் ஐஸ் தண்ணீரும் நாள் முழுக்கப் படும் இடத்தில், எறும்பு குடியிருக்கும் ஒரு பெட்டிக்குள், இவ்வளவு நுண்ணிய ஒன்றை நம்பித்தான் ஏலம் நடக்கிறது. பழைய தட்டுத் தராசில் பிழை இருந்தால் முள் சாய்ந்து காட்டிக்கொடுக்கும், சங்கிலி சிக்கினால் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு இலக்கங்கள் எப்போதும் ஒரே துணிச்சலோடுதான் எரிகின்றன. பிழையான எண்ணையும் சரியான எண்ணைப் போலவே காட்டுகின்றன.

முதலில் மூலைகளைச் சோதித்தார். இரண்டு 20, ஒரு 10, ஆக 50 கிலோவை நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்தார். முதல் இரண்டில் 50.00. மூன்றாவதில் 49.95. களப்பைப் பார்த்த நான்காவது மூலையில் 49.75. ஒரே இரும்பு, ஒரே தராசு. மீன் பெட்டியை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கால் கிலோ மாறுகிறது. நானா மேடையை மறுபடி தூக்கி, டோர்ச் அடித்து, விரலை விட்டு எதையோ நெம்பினார். உப்பும் மீன்செதிலும் அப்பிக் கல்லாய் இறுகிப்போன ஒரு ரெஜிபோம் துண்டு. ஐஸ் பெட்டியிலிருந்து உடைந்து விழுந்திருக்கிறது. அது கீழே முட்டுக்கொடுத்ததால் பாரத்தில் ஒரு பங்கு லோட் செல்லுக்குப் போகாமல் சட்டத்துக்குப் போயிருக்கிறது. எடுத்ததும் 49.95 ஆனது.

"இதுக்குப் பொத்தான அமத்தித் திருத்தியிருந்தா என்ன ஆகும் தெரியுமா? மத்த மூணு மூலையும் பிழைச்சிரும்," என்றார். அழுக்கு, துரு, சரிவு எல்லாம் போன பிறகுதான் இலக்கத்தில் கை வைப்பாராம்.

அடுத்தது ஏறுவரிசை. 20 கிலோவுக்கு 20.00. 40க்கு 40.00 எனத் தொடங்கி, 60க்கு 59.95, 80க்கு 79.95, 100க்கு 99.90. பிறகு ஒவ்வொன்றாக இறக்கியும் குறித்தார். ஏறும்போதும் இறங்கும்போதும் வேறு வேறு எண் வந்தால் லோட் செல் களைத்துவிட்டது என்று பொருள். இங்கே அப்படி இல்லை. நூற்றுக்கு நூறு கிராம் குறைவு, பாரத்தோடு சேர்ந்தே வளரும் பிழை. சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் 76 ஆம் பரிந்துரைப்படி, இந்த வகைத் தராசைப் புதிதாகச் சரிபார்க்கும்போது 25 முதல் 100 கிலோவரை 50 கிராம் பிசகலாம். பாவனையில் இருக்கும்போது அதன் இரட்டிப்பு. ஆக இந்தத் தராசு விளிம்பில் நிற்கிறது. குற்றமென்றும் சொல்ல முடியாது, விட்டுவிடவும் முடியாது. கடலில் பல நாள் கிடந்து மீன் கொண்டுவந்தவனுக்கு ஒவ்வொரு நூறு கிலோவிலும் நூறு கிராம் போகிறது.

இந்த இடத்தில் நானா சொன்ன ஒன்றை நான் முதலில் நம்பவில்லை. புதிதாகப் பெட்டி பிரித்த தராசும் இப்படித்தான் குறைத்துக் காட்டுமாம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பூமி சுழல்கிறது, நடுவில் பருத்திருக்கிறது. அதனால் நடுக்கோட்டுக்குக் கிட்டப் போகப்போக ஈர்ப்பு குறையும். வடக்கே 30 பாகையில் இருக்கும் ஒரு சீனத் தொழிற்சாலையில் சரிக்கட்டிய தராசை அப்படியே ஏறக்குறைய 8 பாகையிலிருக்கும் வாழைச்சேனைக்குக் கொண்டுவந்தால், 100 கிலோ இரும்பை அது சுமார் 120 கிராம் குறைத்துக் காட்டும். ஜேர்மனியில் சரிக்கட்டியது என்றால் சுமார் 300 கிராம். யாரும் களவெடுக்கவில்லை. பூமியின் உருண்டைக்கு ஏற்பத் தராசைத் திருத்தாமல் விட்டார்கள், அவ்வளவே. தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கலே இல்லை, ஏனென்றால் படியும் மீனும் ஒரே ஈர்ப்பில்தான் தொங்கின. எங்கே பாவிக்கிறோமோ அங்கேயே வைத்து மின்தராசைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நானா முத்திரையைக் கழற்றி, உள்ளேயிருந்த பொத்தானை அமத்தி, 100 கிலோவை ஏற்றி, "இதுதான் நூறு" என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தார். 100.00 வந்தது. நான் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ மரப்பெட்டியைத் திறந்து 5 கிராம் படிகளை எடுத்தார். 100.00 என்று காட்டும் இந்தத் தராசில் உண்மை 99.975க்கும் 100.025க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம், எல்லாவற்றையும் அது 100 என்றே காட்டும். ஒளிந்திருக்கும் பிழையை வெளியே கொண்டுவர 5 கிராம் படிகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். மூன்றாவதில் இலக்கம் 100.05க்குத் தாவியது. 25 கிராமில் தாவ வேண்டியது 15 கிராமில் தாவிவிட்டது. ஆக, இது இப்போது 10 கிராம் கூட்டிக் காட்டுகிறது. கொப்பியில் எழுதினார்: 100, கூட 10.

அளவுத்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டு, அது திருத்துகிற வேலை என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எவ்வளவு பிழை என்று கண்டு எழுதுவதுதான் அதன் உயிர். பிழை தெரிந்த தராசோடு வாழலாம், கழித்துக் கூட்டிக் கணக்குப் பார்க்கலாம். பிழை தெரியாத தராசு எவ்வளவு விலையானாலும் பயனில்லை.

150 கிலோவரை சோதிக்கப் படி போதாது. அதற்கும் வழி இருந்தது. 100 கிலோ இரும்பை இறக்கிவிட்டு, தராசு அதே புள்ளியில் தாவும்வரை மணல் மூடைகளை ஏற்றினார். இப்போது மணல் 100 கிலோ. அதற்கு மேல் 50 கிலோ இரும்பு. உதவிக்கு வந்த பையன் மணலுக்குப் பதில் பக்கத்திலிருந்த ஐஸ் கட்டியைத் தூக்கிவரப் போனான். "உருகும் மனே!" என்று அருகில் நின்ற மீனவர் ஒருவரே தடுத்துவிட்டார்.

திருத்தியவரே முத்திரை குத்த முடியாது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்கள அதிகாரி வந்து பார்த்துத்தான் அந்த ஆண்டின் முத்திரையைக் குத்துவார். நானாவின் படிகள் அந்தத் திணைக்களத்தின் ஹோமாகமை ஆய்வுகூடத்துப் படிகளோடு ஒப்பிடப்படுகின்றன. அவை அவற்றைவிட நுண்ணிய படிகளோடு. இப்படியே மேலே ஏறினால் ஒரு காலத்தில் பிரான்சின் செவ்ரிலே, 1889 முதல் மூன்று கண்ணாடி மூடிகளுக்குள் இருந்த பிளாட்டினக் கட்டியில் போய் முடிந்திருக்கும். அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டதால், 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு உலோகக் கட்டியே இல்லை. இயற்கையின் மாறாத எண் ஒன்றுதான் இப்போது அதற்கு ஆதாரம்.

மத்தியானத்துக்குப் பிறகு நெல் வாங்கும் இடத்துக்குப் போனோம். சிறுபோக அறுவடைக் காலம். கச்சான் காற்று முகத்தில் அடித்தது. லான்ட்மாஸ்டர்களில் மூடைகள் வந்து நின்றன. தராசைச் சுற்றி எல்லாக் கண்களும். ஆனால் நானா நேரே போனது வியாபாரியின் கையிலிருந்த சின்னப் பெட்டிக்கு. ஈரப்பதமானி.

அந்தப் பெட்டி நெல்லின் ஊடாக மின்சாரத்தை அனுப்பி, நெல் எவ்வளவு மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கிறது என்று பார்க்கிறது. தண்ணீர் அதிகம் பிடிக்கும், உலர்ந்த மாப்பொருள் குறைவாகவே பிடிக்கும். எல்லாமே மறைமுகக் கணிப்பு. வெயிலில் சூடான நெல்லுக்கு ஒரு எண், நிழல் நெல்லுக்கு இன்னொன்று. நாட்டு நெல்லுக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று. நேரடியாக அளக்கும் வழியும் உண்டு. நெல்லை அரைத்து, நிறுத்து, 130 பாகைச் சூட்டில் இரண்டு மணிநேரம் அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்து, போன தண்ணீரைக் கணக்கிடுவது. ஆய்வுகூடத்தில் அப்படி அளந்த நெல்லைக் காற்றுப் புகாமல் அடைத்த மூன்று போத்தல்களை நானா வைத்திருந்தார். 14 என்று எழுதிய போத்தலின் நெல்லைப் போட்டதும் பெட்டி 15.2 என்றது. இன்னொரு முறை. 15.3. பொத்தான்களைத் தட்டிப் பார்த்தவர் கண்டுபிடித்தார்: யாரோ அதைக் கோதுமைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். நெல்லுக்கு மாற்றியதும் 14.4. வியாபாரி உண்மையாகவே திகைத்துப்போனார்.

இங்கேதான் இன்னொரு கணக்கு எனக்குப் பிடிபட்டது. ஈரப்பதம் ஒரு வீதம் கூட என்று சொன்னால், 14 வீதத்துக்கு ஒப்பிட்டுக் கழிக்கும்போது 100 கிலோவுக்கு சுமார் 1.16 கிலோ போகும். காலையில் நூறு கிராமுக்காக அரைமணி போராடினோம். இது அதைப் போலப் பதினொரு மடங்குக்கும் மேல். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த 120 ரூபா விலையில் பார்த்தால், இரண்டாயிரம் கிலோ கொண்டுவருபவருக்குச் சுமார் 2,800 ரூபா இழப்பு. தராசு முத்திரையை எட்டிப் பார்க்கும் நம் ஆட்கள் இந்தப் பெட்டியை ஒருபோதும் கேள்வி கேட்பதில்லை. கேட்க வேண்டும். போத்தலோடு வரும் ஒருவர் ஒவ்வொரு அறுவடையிலும் இந்த முற்றத்தில் நிற்க வேண்டும்.

வரிசையில் நின்ற வயதான விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுகா காலம குடுத்தவங்கட கணக்கு?" என்று கேட்டார். காலையில் நெல் கொடுத்துவிட்டுப் போனவர்கள். வியாபாரி கொப்பியைப் புரட்டினார். ஏழு பெயர்கள் இருந்தன. கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் தொலைபேசியை எடுத்து முதல் ஆளை அழைத்தார்.

இருட்டும்போது ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து நானாவின் கடைக்கு வந்தோம். படிகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றாய்ச் சாக்கில் சுற்றினார். அவற்றுக்கும் தவணை வந்துவிட்டது. அடுத்த கிழமை இரவு ரயிலில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஹோமாகமைக்குக் கொண்டுபோக வேண்டும். 110 கிலோ இரும்பு, தான் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டு வருவதற்காகத் தீவின் அந்தக் கரைக்குப் போகிறது. கடைசிப் படியைத் தூக்க நான் குனிந்தேன். சொல்லாமலேயே துணியை எடுத்துக்கொண்டேன்.