துரை பங்களாவின் புகை

வெயிலுக்குப் பெயர்போன தீவொன்றின் நடுவே, வீட்டுக்குள் நெருப்பு வளர்த்துக் குளிர்காய வேண்டிய பிரதேசம் ஒன்று இருக்கிறது என்பதை, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கிச் சால்வையைத் தேடும்போதுதான் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களின் சில அதிகாலைகளில் அங்கே உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதுண்டு. முதலில் கோப்பிக்காகவும், 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்காகவும், தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு இந்த மலைகளின் காட்டை வெட்டித் திருத்திய ஆங்கிலேயத் துரைமார், தாங்கள் வசித்த பங்களாக்களில் தாய்நாட்டின் ஞாபகமாக வைத்துக்கொண்டவற்றுள் முக்கியமானவை ரோஜாத் தோட்டமும் கணப்பும். ரோஜா இந்த மண்ணோடு சமரசம் செய்துகொண்டுவிட்டது. கணப்போ இன்றும் முரண்டு பிடிக்கிறது. மழைக் காலத்தில் நெருப்பு மூட்டினால் புகை மேலே போவதற்குப் பதிலாக, விருந்தாளியின் முகத்துக்கு நேராக வருகிறது.

இந்த முரண்டைத் தீர்க்கும் தொழில் தெரிந்தவர்கள் மலையகத்தில் இப்போது அருகிவிட்டார்கள். தோட்டங்கள் கம்பெனிகளின் கையில் இருந்தபோதும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோதும், 1992இல் மீண்டும் கம்பெனிகளுக்குப் போனபோதும், பங்களாச் சுவரையும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையையும் பராமரித்துவந்த மேசன்மார் சிலரின் வாரிசாக எஞ்சி நிற்கும் முதியவர் ஒருவரோடு, டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்குப் போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எல்லாரும் அவரை ‘மேசன் பாஸ்’ என்றே அழைக்கிறார்கள். மட்டப்பலகை, கரணை, தூக்குக்குண்டு, ஒரு பழைய தகரத் துண்டு, இரண்டு பலகைகள், ஒரு கட்டுச் சாம்பிராணி ஆகியவற்றைச் சாக்கில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பங்களாவுக்குப் போகும் கற்படிகளில் அவர் ஏறிய வேகத்துக்கு என் மூச்சு ஈடுகொடுக்கவில்லை.

பங்களா இப்போது உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்கும் இடமாகிவிட்டது. அதைப் புதுப்பித்த சமயத்தில் யாரோ ஒருவர், நெருப்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையால், கணப்பின் முகப்பில் இருந்த பழைய இரும்புத் தகட்டைக் கழற்றி எறிந்து, வாயைப் பெரிதாக்கியிருந்தார். அதற்குப் பின் வந்த ஆடி மாதத்தில் தொடங்கிய புகை நின்றபாடில்லை என்று பங்களாவின் சமையற்காரரான அப்பு, தன் சமையலைப் பற்றிய முறைப்பாடு போல அவமானத்தோடு சொன்னார். மேசன் பாஸ் அவர் சொன்னதை அமைதியாகக் கேட்டுவிட்டு, கணப்பின் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் வெளியே போனார்.

“அடுப்ப அப்புறம் பாப்போம் சார். மொதல்ல காத்து எந்தப் பக்கமா வருதுன்னு பாக்கணும்.”

பங்களா நிற்பது ஒரு மேட்டின் இடுப்பில். அதற்குத் தென்மேற்கே, முன்பு காற்றுத் தடுப்புக்காக நட்ட சவுக்கு மரங்கள் இப்போது புகைபோக்கியைவிட இரு மடங்கு உயர்ந்து நிற்கின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மர வரிசையைத் தாண்டியதும் நேராகப் போவதில்லை. அணையைத் தாண்டி விழும் வெள்ளம் போலக் கீழ்நோக்கிச் சரிந்து, சுழன்று, புகைபோக்கியின் வாய்க்குள்ளேயே இறங்குகிறது. சற்று நேரம் நின்று கூரையின்மேல் கண்ணோட்டம் விட்ட மேசன் பாஸ், புகைபோக்கியின் தலையில் ஒரு பக்கம் மட்டும் பாசி படிந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, மழை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே அடிக்கிறது என்பதை எனக்கு விளக்கினார். மரங்களை நட்ட துரைக்கு அவை வளரும் என்பது தெரியாமல் போயிருக்காது. ஆனால் புகைபோக்கி வளராது என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய விவகாரமன்று. 1785இல் பிரான்சிலிருந்து அமெரிக்கா திரும்பிய கப்பலில், பெஞ்சமின் பிராங்க்ளின் புகைபோக்கிகளின் நோய்களைப் பற்றியே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புகை வீட்டுக்குள் திரும்புவதற்கு ஒன்பது காரணங்களை வகுத்துச் சொன்ன அவர், அவற்றுள் ஒன்றாக, பக்கத்தில் உயர்ந்து நிற்கும் மலையோ கட்டடமோ காற்றைத் தலைமேல் கொட்டுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். மேசன் பாஸ் அந்தக் கடிதத்தைப் படித்ததில்லை. அவருடைய தகப்பனார் சொல்லிக்கொடுத்ததும் அதேதான்.

உள்ளே வந்த பிறகு நடந்த சோதனையே என்னைப் பெரிதும் கவர்ந்தது. காய்ந்த யூகலிப்டஸ் கட்டைகளைக் கொண்டு சிறு நெருப்பு ஒன்றை மூட்டி, புகை அறைக்குள் சுருள ஆரம்பித்ததும், கொண்டுவந்த பலகைகளில் அகலமானதை எடுத்துக் கணப்பு வாயின் மேல் விளிம்போடு ஒட்டவைத்து, அதை விரல் விரலாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். அவர் உதவிக்கு வந்த பையன் சாம்பிராணிக் கட்டை ஒன்றைப் பற்றவைத்துப் பலகையின் அடியோரத்தில் பிடித்திருந்தான். முதலில் சாம்பிராணிப் புகை எங்கள் பக்கம் சாய்ந்தது. பலகை ஐந்து அங்குலம் இறங்கியபோது தயங்கியது. ஏறத்தாழ எட்டு அங்குலம் இறங்கியதும் ஒரு நூல் போல வளைந்து உள்ளே இழுபட்டது. அந்த இடத்தில் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு.

கணப்பின் வாய் 36 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்டது. அதற்கு மேலே போகும் குழாய் 9 அங்குலச் சதுரம். புகைக் குழாயின் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய கணக்கு. இங்கே வாய் 1,080 சதுர அங்குலம், குழாயோ 81. எட்டு அங்குலம் குறைத்தால் வாய் 792 ஆகிவிடும். அப்போது கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்துவிடுகிறது. பென்சிலும் தாளும் வைத்து நான் இதைப் போட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் சுண்ணாம்பு குழைக்கத் தொடங்கியிருந்தார். 1796இல் ரம்போர்ட் பிரபு என்ற விஞ்ஞானி கணப்புகளைப் பற்றி எழுதிய பிரபந்தத்தில், தொண்டையை நான்கு அங்குலமாகச் சுருக்கிப் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்ட வேண்டும் என்று கூறியதும், அதன்படி லண்டன் மாநகரத்து வீடுகள் பலவற்றின் கணப்புகள் திருத்தப்பட்டதும் சரித்திரம். இந்தக் கணப்பின் சாய்வுச் சுவர்களைத் தடவிப் பார்த்தால், அந்த யோசனை எத்தனை கடல்களைத் தாண்டி இங்கே வந்திருக்கிறது என்பது விளங்குகிறது.

ஆயினும் லண்டன் கணக்கு மலையகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பது என் அபிப்பிராயம். புகையை மேலே தள்ளுவது வேறெதுவும் அன்று, உள்ளே இருக்கும் சூடான காற்றுக்கும் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றுக்கும் இடையே உள்ள எடை வித்தியாசமே. இருபதடி உயரப் புகைபோக்கியில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குத்தான் சமம். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தியே கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாதலால், அதே உயரமுள்ள புகைபோக்கி அங்கே அதே விகிதத்தில் குறைவாகவே இழுக்கும். இவ்வளவு மெல்லிய ஒரு சக்தியை நம்பி நடக்கும் காரியத்தில் ஒரு மைனாக் கூடோ, குழாயின் ஓரத்தில் ஊறிய மழைநீரோ, குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னல்களையும் இறுக மூடிக்கொள்ளும் விருந்தாளியோ குறுக்கிட்டால் போதும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் எந்தப் புகைபோக்கியும் இழுக்காது. “ஜன்னல ஒரு அங்குலம் தொறந்து வைங்கன்னா, குளுருதுன்னு சொல்றாங்க. குளுராம இருக்கத்தானே நெருப்பு?” என்று அப்பு என்னிடம் நியாயம் கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

மறுநாள் குழாய் சுத்தம் செய்யப்பட்டது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாற்றைக் கட்டாகக் கட்டி, நடுவே கல்லொன்றை வைத்து, கயிற்றில் தொங்கவிட்டு மேலும் கீழும் இழுத்தபோது, ஈர விறகு எரித்ததால் கீல் போல ஒட்டியிருந்த கரி கூடை கூடையாக விழுந்தது. வெடித்திருந்த உட்புறத்தைச் சுண்ணாம்பும் மணலும் சாணியும் கலந்த சாந்தால் கைக்கெட்டும் தூரம் வரை பூசினார். சீமெந்து சூடேறினால் விண்டுவிடும் என்பது அவர் வாதம். புகைபோக்கியை மூன்றடி உயர்த்திக் கட்டி, மேலே தகரத் தொப்பி வைத்தால் மரத்துக் காற்று அவ்வளவாக இறங்காது. மரங்களையே குறைப்பது உத்தமம் என்றும், அது தம் அதிகாரத்தில் இல்லை என்றும் அப்புவிடம் தெரிவித்துவிட்டுக் கைகளைக் கழுவினார்.

அன்று சாயங்காலம் அவர் குடியிருக்கும் லயத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால், ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அந்தப் பழைய அளவு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் அடுப்பு மூட்டும் நேரம். கூரையின் இடுக்குகள் எல்லாவற்றிலிருந்தும் புகை கசிந்துகொண்டிருந்தது. காம்பராக்களுக்கு இடையே உள்ள சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடுவதால், ஒரு வீட்டில் எழும் புகைக்குப் பக்கத்து வீடும் பங்காளி. தகரத்தின் உட்புறம் பங்களாவின் புகைக் குழாயைப் போலவே கறுத்து மின்னியது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் உலகமெங்கும் 2020இல் மாத்திரம் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருப்பதை நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அங்கே அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஏனெனில், அடுப்பருகே குந்தியிருந்த பெரியம்மா ஒருவர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அதன் மறுபக்கத்தைச் சொல்லிவிட்டார்.

“பொகையில்லாட்டி இந்த மழையில மிலாறு எப்புடி தம்பி காயும்? புள்ளைங்க உடுப்பு எப்புடிக் காயும்? பங்களாவுல குளுர்காயத் தனியா நெருப்பு. எங்களுக்கு சோத்துக்கும் குளுருக்கும் இது ஒண்ணுதான்.”

அடுப்புக்கு மேலே தொங்கிய பரணில் ஈர மிலாறு அடுக்கப்பட்டிருந்தது. இந்த உண்மையை அறியாமல் அடுப்புச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் பலர். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்டு இன்று தீவெங்கும் விற்கப்படும் ‘அனகி’ என்ற இரட்டை வாய் மண்ணடுப்பு, விறகைச் சிக்கனப்படுத்துவதில் மெய்யாகவே நல்ல சாதனம். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. ஒரு ஜன்னலோடு நிற்கும் காம்பராவில் புகை குறையுமேயன்றிப் போகாது. கூரையைத் துளைத்துக் குழாய் வைக்கலாமென்றால், வீடு தோட்டத்துக்குச் சொந்தம், ஓட்டை போட அநுமதி வேண்டும். அநுமதி கிடைத்தாலும் மழைக்காலத்தில் அந்த ஓட்டை ஒழுகும். பங்களாவில் மூன்று தலைமுறையாகச் செய்த வேலையைத் தம் வீட்டு வாசலுக்குள் கொண்டுவர மேசன் பாஸுக்கு இத்தனை வருஷங்கள் பிடித்ததற்கு, அறிவு போதாமை காரணமன்று.

அவர் கண்ட உபாயம் கூரையைத் தொடாதது. குசினியின் பின்சுவரில் ஒரு செங்கல்லை மட்டும் கழற்றி, அந்த வழியாகப் புகையை வெளியே எடுத்து, நான்கு அங்குலத் தகரக் குழாயில் மேலே ஏற்றியிருக்கிறார். வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்துவிட்டால் இழுப்புப் போய்விடும் என்பதற்காக அதன் அடிப்பகுதியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் போர்த்தியிருக்கிறார். அடுப்பின் வாய்களைப் பானைகளின் அளவுக்கு ஏற்ப இறுக்கிச் செய்திருப்பதால், பானையை வைத்ததும் புகைக்குப் பின்பக்கத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. மிலாறு காய்வதற்கு, அடுப்புக்கும் சுவருக்கும் இடையே சூடேறும் ஒரு மண்திட்டு. அவருடைய மருமகள் பானையைத் தூக்கிக் காட்டியபோது மாத்திரம் கொஞ்சம் புகை வந்தது.

பெரியம்மாவும் பின்னாலேயே வந்து திட்டின்மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் தன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புப் பக்கம் புகையைத் திருப்பிவிடுகிறது என்ற பழைய வழக்கையும் அப்போதே எடுத்தார். குழாயைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தினால் அந்தத் தொல்லை தீரும் என்று மேசன் பாஸ் ஒப்புக்கொண்டார்; ஆனால் தகரத்துக்குக் காசு யார் தருவது என்பதில் இருவருக்கும் நெடுநேரம் தர்க்கம் நடந்தது. கடைசியில், பெரியம்மாவின் குசினியிலும் ஒரு குழாய் வைப்பதென்றும், இரண்டு குழாய்க்கும் வேண்டிய தகரத்தைச் சம்பளத்துக்கு மறுநாள் ஹட்டனில் வாங்கிவருவதென்றும், செலவு பாதிப் பாதி என்றும் முடிவாயிற்று.

“ஆனா மண்ணு காயுற வரைக்கும் ரெண்டு நாளைக்கு அடுப்பு மூட்டக்கூடாது பெரியக்கா, சொல்லிட்டேன்.”

“ரெண்டு நாளைக்கு நான் சோத்துக்கு எங்க போறது? ஒன் மருமக வடிப்பாளா?”

மருமகள் உள்ளேயிருந்து, அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தால் வடித்துத் தருகிறேன் என்றாள்.