வைக்கோல் நாட்டில் ஒரு முயல்

வைக்கோலுக்குப் பஞ்சமில்லாதது தஞ்சை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் இயந்திரங்கள் அதைச் சுருட்டிக் கட்டி வயலிலேயே உருட்டிவிட்டுப் போகின்றன. பிறகு அவை லாரியேறி வெளியூர் மாடுகளைத் தேடிச் செல்கின்றன. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவன் வீட்டு முயலுக்காகத் திமோத்திப் புல்லைப் பொட்டலமாக விலைக்கு வாங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

எங்கள் முயல் இரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றார் மருத்துவர். தராசு இரண்டே முக்கால் காட்டியது. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அத்தை சாப்பிட உட்கார்ந்தால் அது பின்னங்கால்களில் எழுந்து நின்று அவர் முழங்காலைத் தொடும். ஒரு கை சோறு, கொஞ்சம் பொரி, வாழைப்பழத்தில் பாதி. "சாப்பிட்டாயா" என்பதே நலம் விசாரிப்பாக இருக்கும் நெல் தேசத்தில், வந்து நிற்கும் ஒரு உயிருக்கு இல்லையென்று சொல்ல எப்படி மனம் வரும்?

சர்க்கரை, கொழுப்பு என்றெல்லாம் விளக்கியது அத்தையிடம் எடுபடவில்லை. முயல் இருமுறை செரிக்கும் பிராணி. இரவிலும் விடியலிலும் மென்மையான ஒருவகைப் புழுக்கையை இட்டு, அதை அப்படியே குனிந்து வாயால் எடுத்து விழுங்கும். அதன் சத்தில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது. உடல் பருத்துவிட்டால் வாய் அங்கே எட்டாது. புழுக்கை ரோமத்தில் ஒட்டும், நம் வெயிலில் ஈ வந்து முட்டையிடும். இதை மருத்துவர் சொன்னதும் அத்தை, "குனிய முடியலையா அதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இனி புல். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான், மணல்சத்து மிகுதி. பிண்ணாக்கும் பசும்புல்லும் சேர்ந்து கிடைக்கும் மாடு அதைச் சமாளிக்கும், முயலுக்கு அதுவே முழு உணவாகாது. படுக்கையாகப் போடலாம், கொறித்தால் கெடுதலில்லை. குதிரைமசால் நேரெதிர்: புரதமும் சுண்ணாம்புச்சத்தும் நிறைந்தது, வளரும் குட்டிக்கு ஏற்றது, வளர்ந்த முயலைப் பருக்க வைப்பது. திமோத்தி இடைப்பட்டது. அது குளிர்நாட்டுப் புல். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதைப் பரப்பிய திமோத்தி ஹான்சன் என்ற விவசாயியின் பெயரால் வழங்குகிறது. காவிரிக்கரையில் வளராது.

ஆனால் அருகு வளர்கிறது. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல்தான். வரப்புப் புல்லைத் தவிர்த்தோம், களைக்கொல்லி பட்டிருக்கும். தென்னந்தோப்பில் அறுத்து நிழலில் காயவைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அது பூஞ்சணம் பிடித்துவிடும்; அப்படிப் பிடித்ததை முயலுக்கு வைக்கவே கூடாது. ஆகவே அந்த இரண்டு மாதங்கள் திமோத்திதான். ஊர் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சோற்றையும் பொரியையும் நிறுத்தினோம். அது பட்டினியாக மாறாதபடி புல் எந்நேரமும் இருந்தது. முயல் அரைநாள் வாய் வைக்காவிட்டாலே குடல் நின்றுபோகும், உயிருக்கே ஆபத்து. பழம் தினம் ஒரு சிறு கரண்டி. கேரட்டும் தின்பண்டக் கணக்கில்தான், சித்திரக்கதைகள் என்ன சொன்னாலும்.

எஞ்சிய கேள்வி அத்தையின் கை. அதை வெறுங்கையாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கொத்தமல்லித் தழையைக் கொடுத்தோம். ஒவ்வொரு காம்பாக நீட்டுகிறார், பொரி தீரும் நேரத்தைவிட அதிக நேரம் ஆகிறது. நான்கு மாதத்தில் இரண்டே கால் கிலோ. மருத்துவருக்குத் திருப்தி.

"எளைச்சுல்ல போச்சு" என்கிறார் அத்தை.