மணலுக்கு நேரம் கொடுங்கள்

ஊவாவில் தண்ணீர் கலங்குவதற்கும் பருவம் உண்டு. ஐப்பசியில் இடைப்பருவ மழை பிடித்து, அது ஓயும் முன்பே வடகீழ்ப் பருவ மழையும் சேர்ந்துகொண்டால், பசறையிலிருந்து ஹாலி எல வரை எந்தப் பீலியில் வாளியை வைத்தாலும் செம்மண் நிறத்தில்தான் நிறையும். ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வறண்ட காற்று இறங்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் வாசம் கொழுந்தில் ஏறுவது அந்தக் காற்றில்தான். எல்ல, பண்டாரவளைப் பக்கத்து ஹோட்டல்களின் நீச்சல் தடாகங்களில் புழுதியையும் யூக்கலிப்டஸ் இலையையும் கொண்டுவந்து கொட்டுவதும் அதே காற்றுதான்.

அந்தத் தடாகங்களைப் பராமரிப்பது என் தொழில். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால், எங்கள் தோட்டத்துக் குடிநீர்த் தொட்டியின் மணல் வடிகட்டியையும் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டு வேலையிலும் நான் கற்றது ஒன்றே. கலங்கிய நீரைத் தெளிய வைப்பது மணல். அந்த மணலின் வேலைக்கு எது தடையாக இருக்கிறது என்று கண்டுபிடித்து நீக்குவதுதான் நம் வேலை.

தடாகம் கலங்கினால் முதலில் அதை மூட வேண்டும். ஆழமான பக்கத்தில் அடித்தளத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒருவரையும் இறங்க விடக்கூடாது. உள்ளே ஒரு பிள்ளை மூழ்கிக் கிடந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. விருந்தினர் முகம் சுளிப்பார்கள், முகாமையாளர் அவசரப்படுத்துவார். அதற்காக இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

அடுத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளை வாளியில் ஒரு வாளி எடுத்து வெயிலில் வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். பச்சை என்றால் பாசி; குளோரின் தீர்ந்துபோயிருக்கிறது. செம்மண் நிறம் என்றால் வெளியிலிருந்து வந்த களி. மழைநீர் விளிம்பு தாண்டி உள்ளே ஓடியிருக்கும், அல்லது பவுசரில் வந்த நீரே அப்படி வந்திருக்கும். பால் கலந்தது போன்ற வெள்ளைதான் ஆளைக் குழப்புவது. செத்த பாசியும் வெள்ளையாகத்தான் மிதக்கும். உடம்பில் பூசிய எண்ணெயும் கிறீமும் சேர்ந்தாலும் வெள்ளை தட்டும். பி.எச். ஏறி, நீரிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து நிற்க முடியாமல் பிரிந்தாலும் வெள்ளைதான்.

இந்த இடத்தில் எல்லோருடைய கையும் குளோரின் வாளிக்குத்தான் போகும். என்னோடு வேலை செய்யும் பையன் ஒருநாள் கேட்டான்:

“அண்ணே, இன்னும் ரெண்டு கிலோ போட்டா தெளிஞ்சிடுமா?”

“பொறுடா தம்பி. பி.எச். எவ்வளவுன்னு பாரு முதல்ல.”

சோதனைக் குழாயில் நீரெடுத்து, சிவப்புத் துளிகளை விட்டு அட்டையோடு ஒப்பிட்டான். 8-ஐத் தாண்டி நின்றது. பி.எச். 7.2 ஆக இருக்கும்போது நீரிலுள்ள குளோரினில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். 8-இல் அது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அவன் போட நினைத்ததோ கல்சியம் ஹைப்போகுளோரைட் தூள். அந்தத் தூள் பி.எச்.-ஐ மேலும் ஏற்றும், சுண்ணாம்பையும் சேர்க்கும். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் நீர் இன்னும் வெளுத்துப்போகும். அமிலத்தை அளந்து விட்டு, பி.எச்.-ஐ 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகு, லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் அன்றாடத்துக்குப் போதும். இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவகைக் குளோரின் வாளியில் போட்ட கரண்டியை இன்னொரு வகை வாளியில் போடக்கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

மருந்து கிருமியைக் கொல்லும், பாசியைச் சாகடிக்கும். செத்ததை வெளியே எடுப்பது வடிகட்டிதான்.

வடிகட்டித் தாங்கிக்குள் இருப்பது அரை மில்லிமீற்றர் அளவில் சலித்தெடுத்த சிலிக்கா மணல். அடியில் விரல்களைப் போல் விரிந்த பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றின் மெல்லிய கீறல்கள் மணலை விடாது, நீரை விடும். மேலிருந்து இறங்கும் நீர் அழுக்கை மணலில் விட்டுவிட்டு அடிக்குழாய் வழியே திரும்பப் போகிறது. இதில் புதிதாக வருபவர்களுக்கு நம்பக் கடினமான ஒரு விஷயம் உண்டு. கழுவிச் சுத்தமாக இருக்கும் மணலைவிட, சற்று அழுக்கேறிய மணல்தான் நன்றாக வடிகட்டும். பிடிபட்ட அழுக்கு மணிகளின் இடைவெளியைக் குறுக்கிவிடுவதால், முன்பு நழுவிப்போன நுண்ணிய துகளும் சிக்கிக்கொள்கிறது. ஆகவே தினமும் காலையில் நீரைத் தலைகீழாகப் பாய்ச்சி மணலைக் கழுவும் பேக்வாஷ் பழக்கம் சுத்தமாகத் தோன்றினாலும் தடாகத்துக்குக் கேடு. மணல் பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் அதைக் கழுவி விடுகிறோம்.

எப்போது கழுவ வேண்டும் என்பதை அழுத்தமானி சொல்லும். பேக்வாஷ் முடிந்து ஓடத் தொடங்கியதும் முள் எங்கே நிற்கிறது என்று தாங்கியிலேயே பெயின்ற் பேனாவால் எழுதிவைப்பேன். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் மட்டும் பேக்வாஷ். முதலில் பம்பை நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வுக் கைபிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கேஸ்கட் கிழிந்துவிடும். கிழிந்தால் அழுக்கு நீர் மணலைத் தொடாமலே தடாகத்துக்குத் திரும்பும், யாருக்கும் காரணம் புரியாது. கண்ணாடிக் குமிழில் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். இந்த ரின்ஸைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் தாங்கியில் மீந்த அழுக்கு தடாகத்துக்கே போய்ச் சேரும்.

ஒரு ஹோட்டலில் எத்தனை நாள் வடிகட்டியை ஓட்டியும் நீர் தெளியவில்லை என்று கூப்பிட்டார்கள். அழுத்தமானி இயல்பாகத்தான் நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மணலின் மேற்பரப்பு மட்டமாக இல்லை. ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் அடிவரை இறங்கியிருந்தது. கையை விட்டு அள்ளியபோது எண்ணெயும் களியும் சேர்ந்து இறுகிய நெல்லிக்காய் அளவு உருண்டைகள் வந்தன. அழுத்தினால் பிசுக்கென்று உடைந்தன. தேயிலை மலையில் படிப்பாதை இருந்தாலும் கொழுந்துக் கூடையோடு வருகிறவர்கள் குறுக்குவழியைத்தான் பிடிப்பார்கள். தண்ணீரும் அப்படித்தான். இறுகிய இடத்தை விட்டுவிட்டு அந்தப் பள்ளம் வழியே வடிபடாமல் இறங்கியிருக்கிறது. மணல் முழுவதையும் எடுத்து, அடிக்குழாய் விரல்களில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பார்த்து, புதுமணல் போட்டோம். ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மணலை மாற்றுவது வழக்கம். ஆண்டுக்கு ஒருதரமாவது மூடியைத் திறந்து பார்க்கிறவருக்கு இந்த நிலை வராது.

செம்மண் கலங்கலுக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். களித்துகள் மிக நுண்ணியது. ஒரு மைக்ரோன் துகள் அசையாத நீரில் ஒன்றரை மீற்றர் ஆழம் இறங்கவே இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும். மணலிலும் அது சிக்காமல் நழுவும். அதற்குத்தான் படிகாரம். துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுபோல் திரட்டி அடியில் உட்கார வைக்கும். ஆனால் நம் மலைநாட்டு ஊற்றுநீர் பல இடங்களில் மென்னீர். அதில் காரத்தன்மை குறைவு. படிகாரம் வேலை செய்யும்போது அந்தக் காரத்தன்மையைத் தின்றுவிடும்: ஒரு கிராம் படிகாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிராம். அது தீர்ந்தால் பி.எச். விழும், பஞ்சு திரளாது, நீர் கலங்கியபடியே நிற்கும். அதனால் நான் முதலில் போத்தல்களை வரிசையாக வைத்துச் சோதிப்பேன். ஒரே அளவு நீர், படிகாரத்தின் அளவு மட்டும் ஒவ்வொன்றாகக் கூடும். கலக்கிவிட்டு அரைமணி நேரம் பார்த்தால், எந்தப் போத்தலில் பஞ்சு பெரிதாகத் திரண்டு மேல்நீர் தெளிகிறதோ அதுதான் அளவு. ஒன்றிலும் திரளவில்லை என்றால் சோடா சேர்த்து மறுபடியும் பார்க்க வேண்டும். தடாகத்தில் போட்டபின் பம்பை நிறுத்தி இரவு முழுக்க விட்டு, காலையில் அடிவண்டலை மெதுவாக உறிஞ்சி நேரே வெளியே விட வேண்டும். வடிகட்டிக்குள் விட்டால் அந்தப் பஞ்சு மணலை அடைத்துவிடும்.

“நாளைக்குக் காலையில் தெளியுமா?” என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுவேன். தடாகத்தின் கொள்ளளவு முழுவதும் எட்டு மணி நேரத்தில் பம்பு வழியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிந்த நீர் வடியாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் உண்மையில் வடிகட்டியைக் கண்டது 63 வீதம்தான். மூன்று சுற்று, அதாவது ஒரு முழுநாள் போனால் 95 வீதம். ஒருமுறை கடந்ததும் எல்லாத் துகளும் மாட்டிவிடுவதில்லை. ஆகவே மூன்று நான்கு நாள் இரவும் பகலும் ஓடவிட வேண்டும். அந்த நாட்களில் புதிது புதிதாக மருந்து மாற்றாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

இனித் தோட்டத்துக்கு வருகிறேன். எங்கள் தொட்டியில் இருப்பது மெதுமணல் வடிகட்டி. தடாகத்து வடிகட்டியில் நீர் மணிக்கு 30 மீற்றர் வேகத்திலும் அதற்கு மேலும் மணலுக்குள் பாயும். இதில் மணிக்கு 10 அல்லது 20 சென்ரிமீற்றர்தான் இறங்கும். மணலும் மேலும் நுண்ணியது. பம்பு இல்லை, கரண்ட் இல்லை. மலைச்சரிவு தரும் அழுத்தமே போதும். 1829-இல் ஜேம்ஸ் சிம்சன் லண்டனின் செல்சி நீர்விநியோகத்துக்குக் கட்டிய முறை இது. 1892-இல் ஜெர்மனியின் ஹம்பர்க்கில் கொலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒட்டிக்கிடந்த அல்டோனா நகரம் அதே எல்ப் ஆற்றில், அதுவும் ஹம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, நீரெடுத்தது. ஆனாலும் அங்கே நோய் அப்படிப் பரவவில்லை. அல்டோனா மணலில் வடித்தது, ஹம்பர்க் வடிக்கவில்லை.

காப்பாற்றியது மணலின் மேல் படரும் வழவழப்பான ஒரு தோல். அதில் வாழும் நுண்ணுயிர்கள் நீரோடு வரும் நோய்க்கிருமிகளைத் தின்றுவிடுகின்றன. அதனால் இந்த வடிகட்டிக்கு முன்னால் குளோரின் போடக்கூடாது. வடித்தபிறகுதான் போட வேண்டும். அடைத்துக்கொண்டால் பேக்வாஷ் கிடையாது. நீரை வடியவிட்டு, மேலே ஒன்றிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் தட்டையான மண்வெட்டியால் சுரண்டி எடுக்க வேண்டும். எனக்கு முன் இந்தத் தொட்டியைப் பார்த்த பெரியவர் சொல்லித் தந்தது இன்றும் காதில் இருக்கிறது: “சொரண்டின ஒடனே லயத்துக்குத் தண்ணி விட்றாத தம்பி. மணலு பழகணும்.” தோல் மறுபடி படர சில நாள் ஆகும், புதுமணல் என்றால் சில வாரமும் ஆகும். அதுவரை வடிந்த நீரை வெளியே விட வேண்டும், அல்லது கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

இந்த வடிகட்டிக்குக் களிதான் எதிரி. மழைநாளில் செம்மண் நீரை நேரே விட்டால் ஒரே நாளில் அடைத்துப்போகும். முன்னால் பெரிய கல், சிறிய கல், சரளை என்று வரிசையாக நிரப்பிய ஒரு தொட்டி இருந்தால் பாரம் பாதி குறையும். ஊற்றுக்கு மேலே கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிட்டு, அந்தச் சரிவில் உரமும் களைநாசினியும் படாமல் பார்த்துக்கொண்டால் மீதியும் குறையும். பல இடங்களில் இவை எதுவும் இல்லாமல், கலங்கிய தொட்டியில் குளோரினை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். கிருமி களித்துகளின் மறைவில் தப்பிக்கொள்ளும், குளோரினும் அழுக்கோடு மோதியே தீர்ந்துவிடும். கலங்கல் 1 என்.டி.யு. அளவுக்குக் கீழே இருந்தால்தான் குளோரின் முழுப்பலன் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கலங்கல் குறித்து மலையில் வாழ்பவர்கள் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. எப்போதும் தெளிந்து வரும் ஊற்று திடீரென்று சேறாக வந்தாலோ, நின்றுபோனாலோ, புதிய இடத்தில் ஊற்று கிளம்பினாலோ அது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஊற்று மாறினால் வடிகட்டியைத் தொட வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் சரிவை விட்டு விலக வேண்டும்; அதன்பிறகு கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லலாம்.

தடாகத்தைப் பராமரிக்க ஹோட்டல் எனக்குச் சம்பளம் தருகிறது. சோதனைப் பெட்டி, அழுத்தமானி, பதிவுப் புத்தகம், நேரம் எல்லாம் தருகிறது. நீர் தெளிந்திருப்பது இவற்றால்தான். நூற்றுக்கணக்கானோர் குடிக்கும் தோட்டத்துத் தொட்டிக்கும் இதே கவனிப்பு வேண்டும். ஆனால் அங்கே பெரும்பாலும் வேலை முடிந்து வரும் யாரோ ஒருவரின் நல்ல மனதுதான் வடிகட்டியைக் காக்கிறது. கட்டடம் கட்டித் திறந்துவைப்பதோடு ஒரு நீர்த்திட்டம் முடிந்துவிடுவதில்லை. மணலைச் சுரண்டத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு தோட்டமும் பொறுப்பாக நியமிக்க வேண்டும். அவருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பே சரளைத் தொட்டியைக் கழுவ ஆள் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் இப்போது இரண்டு பிள்ளைகள் என்னோடு தொட்டிக்கு வருகிறார்கள். போத்தல் சோதனையும் பதிவெழுதுவதும் பழகிவிட்டார்கள். அடுத்த முறை மணலை அவர்களே சுரண்டுவார்கள். மற்றத் தோட்டங்களிலிருந்து யார் கேட்டு வந்தாலும் சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன்.